முன்னோடி என்னும் சொல்: டெக்சாஸ் ஜெர்மானியர் நினைவும் ஒரு வட்டார வரலாற்றுக் கழகமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஒரு வட்டாரத்தில் முதலில் வந்து குடியமர்ந்தோரின் நினைவைப் பேணுவதற்கென அவர்தம் வழித்தோன்றல்கள் கழகம் அமைத்துக்கொள்ளும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே இருந்துவருகிறது. பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்தல், கலப்பை, வண்டி, அடுப்பு முதலிய புழங்குபொருள்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தல், குடும்ப வரலாறுகளைத் தொகுத்து வெளியிடுதல் ஆகியன இக்கழகங்களின் பொதுவான பணிகள். நினைவைக் காக்கும் கழகத்தின் எழுத்துமொழி, நினைக்கப்படுவோரின் மொழியாக இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. டெக்சாஸ் மாநிலத்தின் பிரெடரிக்ஸ்பர்க் ஊரில் 1930களின் நடுப்பகுதியில் தோன்றிய கில்லெஸ்பி கவுண்டி வரலாற்றுக் கழகம் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இவ்வினா மொழிபெயர்ப்பாளருக்கு வேறொரு வழியிலும் வந்து சேரும். இத்தகைய கழகங்களின் நூல்களில் பக்கந்தோறும் காணப்படும் 'பயனியர்' என்னும் ஆங்கிலச் சொல்லை 'முன்னோடி' என்று தமிழாக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்வது நம்மிடையே வழக்கமாகியுள்ளது. அவ்வழக்கம் எவ்வளவு தூரம் சரி என்பதையும் இங்கு நோக்கலாம்.

1. குடியேற்றம்

1842ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் ரைன் ஆற்றங்கரையிலுள்ள பீப்ரிக் நகரில் ஜெர்மானியப் பிரபுக்கள் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். ஜெர்மானியரைத் திரளாக டெக்சாசில் குடியமர்த்துவது அதன் நோக்கம். பின்னாளில் 'பிரபுக்கள் சங்கம்' எனப் பொருள்படும் பெயரால் அது அறியப்பட்டதாயினும், அதன் முழுப்பெயர் 'டெக்சாசில் ஜெர்மானியக் குடிபுகுவோரின் பாதுகாப்புக்கான சங்கம்' என்பதாகும். இப்பெயரில் வரும் ஜெர்மன் சொல் 'ஐன்வாண்டரர்'. 'உள்ளே பெயர்ந்து வருபவர்' என்பது அதன் நேர்ப்பொருள். இச்சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

1844 முதல் 1847 வரையிலான ஆண்டுகளில் இச்சங்கம் 7,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கடந்து கொண்டுவந்தது. சங்கத்திடம் திட்டம் இருந்த அளவுக்குப் பணம் இருக்கவில்லை. கடற்கரையில் இறங்கியவர்கள் உள்நாட்டுக்குச் செல்ல வண்டிகளுக்குக் காத்திருந்தனர். 1846இல் மெக்சிகோவுடன் போர் மூண்டதும் வண்டிகளெல்லாம் படைக்குப் போய்விட்டன. காத்திருந்தோர் பலர் நோயால் மடிந்தனர். எஞ்சியோர் சிலர் நடந்தே புறப்பட்டனர்.

1845இல் நியூ பிரவுன்ஃபெல்ஸ் ஊர் நிறுவப்பட்டது. அங்கிருந்து பதினாறு நாள் பயணம் செய்து 1846ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் 120 பேர் அடங்கிய முதல் குழு வந்து சேர்ந்த இடமே பிரெடரிக்ஸ்பர்க். பிரஷ்ய இளவரசர் பிரெடரிக்கின் பெயர் அவ்வூருக்கு இடப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஊருக்குள் ஒரு மனையும், ஊருக்கு வெளியே பத்து ஏக்கர் நிலமும் தரப்பட்டன.

இக்குடியேற்றத்தை முன்னின்று நடத்தியவர் ஆட்ஃபிரீட் ஹான்ஸ் ஃபான் மொய்சபாக் என்னும் பிரபு. டெக்சாசில் கால் வைத்ததும் பிரபுப் பட்டத்தைத் துறந்து ஜான் ஓ. மொய்சபாக் எனத் தம் பெயரை மாற்றிக்கொண்டார். மொழியியலாளர் மகிழத்தக்க ஒரு செய்தி: இவருடைய தந்தையார் கார்ல் ஹார்ட்விக் கிரெகோர் ஃபான் மொய்சபாக், பழைய ஜெர்மன் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்த அறிஞர். யாக்கோப், வில்ஹெல்ம் கிரிம் உடன்பிறந்தாரோடு அவர் நிகழ்த்திய கடிதப் போக்குவரத்து 1880இல் நூலாக வெளிவந்தது. தந்தை ஜெர்மன் மொழியின் பழமையைச் சேர்த்து வைத்தார். மகன் அம்மொழி பேசுவோரைக் கொண்டுபோய் வேறொரு கண்டத்தில் சேர்த்தார்.

2. ஓர் ஒப்பந்தமும் அதன் மொழிகளும்

சங்கத்திற்கு உரிமையளிக்கப்பட்ட நிலம் பிரெடரிக்ஸ்பர்க் அன்று. அவ்வூர் வழியிலுள்ள ஒரு தங்கலிடமாகவே கருதப்பட்டது. உரிமை நிலம் அதற்கு வடக்கே, லானோ ஆற்றுக்கும் கொலராடோ ஆற்றுக்கும் இடையே கிடந்தது. காகிதத்தில் அது சங்கத்தின் நிலம். நடைமுறையில் அது கமாஞ்சே மக்களின் நிலம். நில அளவையாளர்கள் அங்கே கால் வைக்க அஞ்சினர். அளக்காவிட்டால் உரிமை காலாவதியாகிவிடும். ஆகவே மொய்சபாக் 1847 மார்ச் முதல் நாட்களில் சான் சபா ஆற்றங்கரைக்குச் சென்று கமாஞ்சேத் தலைவர்களைச் சந்தித்தார். ஊர் தோன்றி ஓராண்டும் ஒரு நாளும் கழிந்தபின், 1847 மே 9ஆம் நாள், பிரெடரிக்ஸ்பர்க்கில் ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. ஜெர்மானியர் அந்நிலத்தில் நடமாடலாம், குடியேறலாம். கமாஞ்சேயர் ஜெர்மானியர் ஊர்களுக்கு வந்துபோகலாம். 3,000 டாலர் மதிப்புள்ள பொருள்கள் பரிசாக அளிக்கப்படும் என்பன அதன் சாரம்.

இந்நிகழ்ச்சியில் எத்தனை மொழிகள் புழங்கின என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. ஒரு தரப்பார் ஜெர்மன் பேசுவோர். மறுதரப்பார், யூட்டோ-அஸ்டெக் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த கமாஞ்சே மொழி பேசுவோர். உடன் சென்ற மொழிபெயர்ப்பாளர் ஜிம் ஷா, டெலவேர் இனத்தவர். கையொப்பமான ஏடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. செந்நிறத் தாடி கொண்ட மொய்சபாக்குக்குக் கமாஞ்சேயர் இட்டதாகக் கூறப்படும் 'செஞ்ஞாயிறு' என்னும் பெயரோ 'எல் சோல் கொலராடோ' என ஸ்பானிய வடிவிலேயே நமக்குக் கிடைக்கிறது. 'கமாஞ்சே' என்பதுங்கூட அம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. யூட் மொழிச் சொல்லொன்று ஸ்பானியம் வழியாக வந்து நிலைத்த பெயர் அது. அவர்கள் தம்மை 'மக்கள்' எனப் பொருள்படும் 'நுமுனு' என்னும் பெயராலேயே அழைத்துக்கொள்கின்றனர். இரு தரப்பாருள் எவருடைய தாய்மொழியிலும் எழுதப்படாத ஓர் ஒப்பந்தமே அந்த வட்டாரத்தின் அடிப்படை ஆவணமாக இன்றும் போற்றப்படுகிறது. மூல ஏடு டெக்சாஸ் மாநில நூலகத்தில் காக்கப்படுகிறது.

ஒருபோதும் மீறப்படாத ஒப்பந்தம் என்று இதனைப் புகழ்வோர் உளர். அவ்வாறு புகழ்வோர், 1875ஆம் ஆண்டளவில் கமாஞ்சேயரின் கடைசிக் குழுவும் டெக்சாசை இழந்து, இன்றைய ஒக்லஹோமாவில் ஒதுக்கப்பட்ட நிலத்திற்குள் ஒடுங்க நேர்ந்தது என்பதை அதே வாக்கியத்தில் சொல்வதில்லை.

3. இடிக்கப்பட்ட கோயிலும் எழுப்பப்பட்ட கோயிலும்

பிரெடரிக்ஸ்பர்க்கின் பொதுக்கட்டடங்களுள் முதலாவது 1847இல் கட்டப்பட்டது. முதன்மைச் சாலையின் நடுவே, எட்டுப் பக்கங்கள் கொண்டதாக, மரச்சட்டங்களுக்கிடையே கல்லை அடைத்து அது எழுப்பப்பட்டது. வழிபாட்டுக்கூடமாகவும் பள்ளியாகவும் மன்றமாகவும் இடர் நேரும்போது அரணாகவும் அதுவே பயன்பட்டது. 'சங்கத்தின் கோயில்' எனப் பொருள்படும் 'ஃபெரைன்ஸ் கிர்ஷே' என்பது அதன் பெயர். ஊரார் அதன் வடிவத்தைப் பார்த்துக் 'காப்பி அரைக்கும் பொறி' என்று செல்லப்பெயர் வைத்தனர்.

ஊரின் ஐம்பதாம் ஆண்டு விழா 1896இல் நடந்தது. மறு ஆண்டே அக்கட்டடம் இடிக்கப்பட்டது. வந்தவர்களின் மக்களுக்கு அது தெரு நடுவே நின்ற ஒரு பழங்கட்டடம், அவ்வளவே. பேரர்கள் தலையெடுத்தபோது நிலைமை மாறியது. டெக்சாஸ் நூற்றாண்டு விழாவையொட்டி 1935-36ஆம் ஆண்டுகளில் அதே வடிவில், சாலையின் நடுவிலன்றிச் சந்தைத் திடலில், அக்கோயில் மீண்டும் எழுப்பப்பட்டது. வரலாற்றுக் கழகம் உருவானதும் இக்காலத்திலேயே. முதற்பணியாக அக்கழகத்தார் இம்மீட்டெடுப்பையே மேற்கொண்டனர் எனலாம். ஒரு சங்கம் கொண்டுவந்தவர்களின் நினைவை மற்றொரு சங்கம் காக்கலாயிற்று.

1955இல் கழகம் கம்லா குடும்பத்தின் பழைய இல்லத்தை வாங்கியது. 1849இல் தொடங்கிப் பகுதி பகுதியாகக் கட்டப்பட்ட வீடு அது. அதனைச் சுற்றிப் பிற வீடுகளும் சேர்க்கப்பட்டு, 'பயனியர் அருங்காட்சியகம்' உருவாயிற்று. அங்குள்ள கட்டடங்களுள் ஒன்று 'ஞாயிற்றுக்கிழமை வீடு' என்னும் வகையைச் சார்ந்தது. தொலைவிலுள்ள பண்ணைகளில் வாழ்ந்தோர் வார இறுதியில் கடைக்கும் கோயிலுக்கும் வரும்போது தங்குவதற்காக ஊருக்குள் கட்டிக்கொண்ட சிறுவீடு அது. காட்சியில் உள்ள வீடு 1904இல் கட்டப்பட்டது. ஊர் தோன்றி 58 ஆண்டுகள் கழிந்தபின் கட்டப்பட்ட வீடும் 'பயனியர்' மரபுக்குள் அடங்குகிறதென்றால், அச்சொல் ஒரு காலத்தைக் குறிக்கவில்லை, ஒரு மதிப்பைக் குறிக்கிறது என்று கொள்ளவேண்டியுள்ளது.

4. சொல்லின் வரலாறு

'பயனியர்' என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த சொல். முதற்கண் அது காலாட்படையைச் சார்ந்தது. படைக்கு முன்னே மண்வெட்டியும் கோடரியும் கொண்டு சென்று, வழி செப்பனிட்டுப் பள்ளம் வெட்டும் வீரனை அது குறித்தது. வெட்டவெளியில் வழி உண்டாக்குபவன் என்னும் விரிந்த பொருள் பின்னர் தோன்றியது. அமெரிக்க மேற்குத்திசைக் குடியேற்றத்தின்போது அச்சொல் பெருமிதச் சொல்லாக நிலைபெற்றது. ஜெர்மன் மொழியிலும் 'பியோனீர்' என்னும் வடிவம் உண்டு. அங்கே இன்றளவும் படையின் பொறியியற் பிரிவைச் சார்ந்த வீரனைச் சுட்டும் பொருள் வழக்கிழக்கவில்லை.

ஆகவே ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் 'பியோனீர்'களாகக் கப்பலேறவில்லை. அவர்களைக் கொண்டுசென்ற சங்கத்தின் பெயரே அவர்களைக் 'குடிபுகுவோர்' என்கிறது. 'அன்சீட்லர்' எனப்படும் 'குடியமர்வோர்' என்னும் சொல்லும் அக்கால ஜெர்மன் எழுத்தில் பயின்று வருவதே. அமெரிக்காவில் சில பத்தாண்டுகள் வாழ்ந்தபின்னரே ஜெர்மானியர் அண்டை அயலாரின் பெருமிதச் சொல்லைத் தம் மொழிக்குள்ளேயே ஏற்றுக்கொண்டனர். சின்சினாட்டி நகரில் 1869 முதல் 1887 வரை வெளிவந்த ஜெர்மன் திங்களிதழ் 'டெர் டாய்ச்செ பியோனீர்' எனப் பெயர் பெற்றிருந்தது. சொல்லின் ஒலி ஜெர்மன். பொருள் அமெரிக்க ஆங்கிலம். மொழியியலார் பொருட்கடன் என்று கூறும் வகைக்கு இது தெளிவான சான்று.

பிரெடரிக்ஸ்பர்க் எழுத்துகளை இவ்வரிசையில் வைத்துப் பார்த்தல் வேண்டும். 1896ஆம் ஆண்டு விழாவையொட்டி, ஊரின் ஜெர்மன் வார இதழை நடத்திய ராபர்ட் பென்னிகர் ஒரு விழா மலரை ஜெர்மனில் வெளியிட்டார். முதல் தலைமுறையினருள் பலர் உயிரோடிருந்த காலத்தில் வந்த நூல் அது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1971இல் வெளிவந்தது. வரலாற்றுக் கழகம் தொகுத்த குடும்ப வரலாறுகள், 'பயனியர்ஸ் இன் காட்ஸ் ஹில்ஸ்' என்னும் தலைப்பில் 1960இலும் 1974இலும் இரு தொகுதிகளாக வெளியாயின. 'இறைவனின் குன்றுகளில்' என்னும் தொடர் தலைப்பிலேயே இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. நிலம் இறைவனுடையதாகிவிட்டால், அதற்கு முன் யாருடையதாக இருந்தது என்னும் வினா எழ இடமில்லை. தொகுத்தவர்கள் இப்படி எண்ணித் தலைப்பிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. பக்தியோடு இட்ட தலைப்பாகவே தோன்றுகிறது. ஆயினும் சொற்கள் தம் வேலையைச் செய்கின்றன.

குடியேற்றக் காலத்தைப் பற்றிய மற்றொரு மூலநூலின் நிலையும் இதுவே. நிலவியல் அறிஞர் ஃபெர்டினாண்ட் ரோமர் 1847ஆம் ஆண்டுப் பயணத்தில் மொய்சபாக்கோடு கமாஞ்சேயரிடம் சென்றவர். அவர் டெக்சாசைப் பற்றி எழுதிய நூல் 1849இல் ஜெர்மனியில் வெளிவந்தது. அதன் ஆங்கிலப் பெயர்ப்பு 1935இல், அதாவது அந்த எண்கோணக் கோயில் மீண்டும் எழுந்துகொண்டிருந்த காலத்தில், வெளியாயிற்று. பேரர்கள் தம் பாட்டனாரைப் பற்றி அறிய மொழிபெயர்ப்பை நாடும் நிலை அப்போதே தொடங்கிவிட்டது.

5. மொழி ஏன் அருங்காட்சியகத்திற்குள் வரவில்லை

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? முதல் உலகப்போரின்போது ஜெர்மன் மொழி அமெரிக்காவில் ஐயத்திற்குரிய மொழியாயிற்று. 1918இல் டெக்சாஸ் சட்டமன்றம் பொதுப்பள்ளிகளில் ஆங்கிலம் ஒன்றே பயிற்றுமொழியாதல் வேண்டும் எனச் சட்டமியற்றியது. அதன்பின் பள்ளிக்குச் சென்ற தலைமுறை வீட்டில் ஜெர்மன் பேசியது. ஆனால் படிக்கவும் எழுதவும் ஆங்கிலத்திலேயே பழகியது. திருச்சபைகளும் படிப்படியாக ஆங்கிலத்திற்கு மாறின. நியூ பிரவுன்ஃபெல்சில் 1852இல் ஃபெர்டினாண்ட் லிண்ட்ஹைமர் தொடங்கிய ஜெர்மன் செய்தித்தாள் 1957வரை அம்மொழியில் வந்தது, அதன்பின் நின்றது.

வரலாற்றுக் கழகம் தன் பணிகளைச் செய்தது இந்த இடைக்காலத்தில்தான். அக்கழகத்தாரைக் குறைகூறுவது எளிது. அக்குறை நியாயமானதா என்பதில் எமக்கு ஐயமுண்டு. 1930களிலும் 1950களிலும் பிரெடரிக்ஸ்பர்க் தெருக்களில் ஜெர்மன் தாராளமாகக் கேட்டது. கழகத்தாருள்ளும் பலர் வீட்டில் அம்மொழியையே பேசியிருத்தல் வேண்டும். மாவரைக்கும் கல்லும் பழைய வண்டியும் புழக்கத்திலிருந்து போய்விட்டன. ஆகவே அவற்றைத் திரட்டினர். மொழியோ நாவில் இருந்தது. நாவில் இருப்பதைக் கண்ணாடிப் பேழையில் வைக்க எவருக்கும் தோன்றுவதில்லை. கழிந்துபோனவற்றைத் தேடித் திரட்டும் பழக்கம், கழிந்துகொண்டிருப்பதைக் காணவிடாமல் செய்துவிட்டது எனல் பொருந்தும்.

அம்மொழியைக் கேட்டுப் பதிவு செய்தவர்கள் வெளியிலிருந்து வந்த மொழியியலாளர்களே. கிளென் கில்பர்ட் 1960களில் களப்பணி செய்து, 1972இல் டெக்சாஸ் ஜெர்மனின் மொழிநிலப்பட நூலை வெளியிட்டார். 2001இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் போவாஸ் ஒரு கிளைமொழித் திட்டத்தைத் தொடங்கி, எஞ்சியுள்ள பேச்சாளர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்துவருகிறார். அம்மொழியின் வாழ்வையும் மறைவையும் பற்றிய அவருடைய நூல் 2009இல் வந்தது. 1940ஆம் ஆண்டளவில் ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் பேசிய மொழி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆயிரம் முதியோரின் மொழியாகக் குறுகிவிட்டது.

அப்பதிவுகளில் கிடைக்கும் சொற்கள் சில, எந்த அருங்காட்சியகப் பொருளுக்கும் குறையாத வரலாற்றுச் சான்றுகள். வானூர்தியை டெக்சாஸ் ஜெர்மானியர் 'லுஃப்ட்ஷிஃப்' என்கின்றனர். 'வான்கப்பல்' என்பது அதன் பொருள். ஜெர்மனியில் வானூர்திக்குப் பிறந்த வேறு சொல், முன்னரே கடல் கடந்துவிட்ட இவர்களை எட்டவில்லை. ஆதலால் தாமே ஒரு சொல்லை அதற்கு அமைத்துக்கொண்டனர். ஐரோப்பாவில் காணாத, நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க் என்னும் விலங்குக்கு 'நாறும் பூனை' எனப் பொருள்படும் 'ஷ்டிங்க்காட்சே' என்று பெயரிட்டனர். வேலியைக் குறிக்க ஆங்கிலத்திலிருந்து 'ஃபென்ஸ்' வந்து சேர்ந்தது. வேற்றுமை அமைப்பில் நான்காம் வேற்றுமைக்கு ஒப்பான கொடைவேற்றுமை தேய்ந்து, செயப்படுபொருள் வேற்றுமையோடு கலந்துவிட்டது. புதிய நிலத்தில் எதைக் கண்டு வியந்தனர், எதைத் தாமே பெயரிட்டனர், எங்கே அண்டை வீட்டாரின் சொல்லை வாங்கினர் என்பன எல்லாம் இச்சொற்களில் உள்ளன. பழைய வீட்டின் சுவரைப் பார்ப்பவருக்குக் கல்லை அடைத்த முறை தெரியும். அச்சுவருக்குள் பேசியவர்கள் உதடு குவித்துச் சொல்ல வேண்டிய உயிர்களைக் குவிக்காமல் சொன்னார்கள் என்பது அதில் தெரியாது.

கமாஞ்சே மொழியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஒக்லஹோமாவில் அம்மக்களின் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசத் தடுக்கப்பட்டனர். மொழியைக் காக்க அவர்களே ஒரு குழுவை அமைத்துக்கொண்டது 1993இல். 1847ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் இரு தரப்பு மொழிகளும் இன்று அருகிவிட்டன. ஏட்டில் இருந்த மூன்றாவது மொழியே தழைத்தது.

6. ஒரு கதையும் அதன் கால வழுவும்

பிரெடரிக்ஸ்பர்க்கில் ஈஸ்டருக்கு முந்தைய இரவில் குன்றுகளின்மேல் தீ மூட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதற்கு ஒரு கதை சொல்வர். மொய்சபாக் கமாஞ்சேயரோடு பேசச் சென்றிருந்தபோது, குன்றுகளில் கமாஞ்சேயர் மூட்டிய அடையாளத் தீயைக் கண்டு பிள்ளைகள் அஞ்சினராம். ஈஸ்டர் முயல் முட்டைகளுக்குச் சாயம் ஏற்ற அடுப்பு மூட்டியிருக்கிறது என்று ஒரு தாய் தேற்றினாளாம். இக்கதை நாடகமாகவும் ஆண்டுதோறும் நடிக்கப்பட்டது.

கால வரிசையைப் பார்த்தால் இடர்ப்பாடு தோன்றும். சந்திப்பு மார்ச் முதல் வாரத்தில் நடந்தது. 1847ஆம் ஆண்டு ஈஸ்டரோ ஏப்ரல் 4ஆம் நாள் வந்தது. தவிர, ஈஸ்டர் தீ வட ஜெர்மனியில் பழமையான வழக்கம். பிரெடரிக்ஸ்பர்க்குக்கு வந்தவருள் அப்பகுதியினர் பலர். அவர்கள் கொண்டுவந்த வழக்கம் தொடர்ந்திருக்கிறது. அதன் பிறப்பிடம் மறந்தபோது உள்ளூர்க் கதை வந்து அவ்விடத்தை நிரப்பியிருக்கிறது. மொழி மாறிய சமூகத்தில் வழக்கத்திற்கு விளக்கம் தேவைப்படுவது இயல்பே. 'ஓஸ்டர்ஃபாயர்' என்னும் சொல் வாயில் இருந்தவரை விளக்கம் தேவைப்பட்டிராது. கதையில் கமாஞ்சேயர் தொலைவில் தெரியும் தீயாக மட்டுமே வருகின்றனர் என்பதும் நோக்கத்தக்கது.

7. தமிழில்

இனி நம் பக்கம் வருவோம். 'முன்னோடி' நல்ல தமிழ்ச் சொல். சிறுகதை முன்னோடி, இதழியல் முன்னோடி என்று ஒரு துறையில் முதலில் அடியெடுத்து வைத்தவரைச் சுட்ட இன்று பெருவழக்காக உள்ளது. அப்பயன்பாட்டில் எவருக்கும் தீங்கில்லை. சிறுகதை என்னும் நிலத்தில் முன்னர்க் குடியிருந்தோர் இலர். மெய்யான நிலத்திற்கு அச்சொல்லைப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல் எழுகிறது. 'முன்னோடி' என்பதில் ஓட்டம் உண்டு, பின்தொடர்வோர் உண்டு. நிலமும் இல்லை, அந்நிலத்தில் இருந்தவரும் இல்லை. 'குடியேறி' என்பதில் நிலம் உண்டு. 'வந்தேறி' என்பதில் நிலமும் உண்டு, முன்னரே இருந்தவரின் கண்ணோட்டமும் உண்டு, வசையும் உண்டு. ஒரே மனிதரை மூன்று இடங்களில் நின்று பார்க்கும் மூன்று சொற்கள் இவை. காட்டை அழித்து நாடாக்குதலை வேந்தனின் புகழாகப் போற்றும் மரபு நமக்கும் உண்டு. பட்டினப்பாலையில் கரிகாலனின் சிறப்பாக அது கூறப்படுகிறது. அங்கும் காட்டில் வாழ்ந்தோரின் சொல் நமக்குக் கிடைப்பதில்லை.

ஆதலால், பிரெடரிக்ஸ்பர்க் ஆவணங்களைத் தமிழாக்க நேருமாயின், ஒரே சொல்லை எங்கும் இடுவது பிழையாகும். 1840களின் சங்க ஆவணங்களில் வருவோரைக் 'குடிபுகுவோர்' அல்லது 'குடியேறிகள்' எனலே மூலத்திற்கு நெருக்கம். 1896ஆம் ஆண்டு விழா மலரை 1971ஆம் ஆண்டு ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவர் ஜெர்மன் மூலத்தை ஒப்புநோக்காமல் 'முன்னோடி' என எழுதுதல் கூடாது. அச்சொல் பென்னிகருடையதா, முக்கால் நூற்றாண்டுக்குப் பின்வந்த மொழிபெயர்ப்பாளருடையதா என்று பார்த்தே எழுதவேண்டும். 1960, 1974ஆம் ஆண்டுத் தொகுதிகளில் 'முன்னோடி' என்றே இடலாம். பேரர்கள் பாட்டனாரை அப்படித்தான் காண விரும்பினர். அவ்விருப்பமும் ஒரு வரலாற்றுச் செய்தியே. அருங்காட்சியகத்தின் பெயரைப் 'பயனியர் அருங்காட்சியகம்' என ஒலிபெயர்த்து நிறுத்திக்கொள்ளலாம் என்பது எம் கருத்து.

எஞ்சுவது ஒப்பந்த ஏடு. அதில் ஜெர்மானியர் 'இங்கு வாழும் ஜெர்மானிய மக்கள்' என்னும் கருத்துப்படவே குறிக்கப்பெறுகின்றனர். முன்னோடி என்பதற்கு ஒப்பான சொல்லுக்கு அங்கு இடமே நேரவில்லை. ஜிம் ஷா அதனைக் கமாஞ்சேத் தலைவர்களுக்கு எச்சொல்லால் எடுத்துரைத்தார் என்பதை ஏடு சொல்லவில்லை.